கிராபிக்ஸ் கார்ட் இரைச்சலை அடக்கிய கதை

சித்திரை வெக்கையில் கேம் போட்டால் என் கணினியின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட் இரைகிற இரைச்சலுக்கு, குசினியிலிருந்து அம்மா "தம்பி, உள்ளுக்கு கிரைண்டரே ஓடுது?" என்று கேட்பார். தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றியும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. 170 வாட் இழுக்கிற கார்ட் அவ்வளவு சூட்டையும் அறைக்குள்தானே கொட்டும், ஃபானைக் குறை சொல்லி என்ன பயன்? ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்ட் இழுக்கிற மின்சாரத்தின் உச்ச வரம்பு) 75 சதவீதத்துக்கு இறக்கி, ஃபிரேம் ரேட்டையும் நொடிக்கு 60 படங்களில் கட்டினேன் (திரையே 60 ஹெர்ட்ஸ்தான், நொடிக்கு 60 தடவைதான் படம் மாற்றும், அதற்கு மேல் எதற்கு?). இப்போது 130 வாட்டுக்குள் நிற்கிறது, சூடும் இறங்கிவிட்டது, கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே வராது, விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. புதிதாக வாங்குபவர்கள் 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060ஐப் பாருங்கள், வேகமும் கூட. ஆனால் ஒற்றை ஃபான் வைத்த குட்டி மாடல் வேண்டாம், அதே வாட்டுக்கு அதுதான் கூடக் கத்தும்.