சர்க்கரை எலியின் பாத வலியை அளப்பது எப்படி?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் அம்மாவுக்குச் சர்க்கரை முற்றியபின், ராத்திரி போர்வை காலில் உரசினாலே துடித்துப்போவார். வலிக்கக்கூடாத தொடுதல் வலிக்கிறது, இல்லையா, அதைத்தான் எலியிடமும் அளக்கப்போகிறோம்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வராமல் ஊசியைத் தொடாதீர்கள். ஊசிக்கு முன்பே ஒவ்வொரு எலியின் பாதத்தையும் அளந்து எழுதிவிடுங்கள். இன்சுலின் சுரக்கும் கணைய செல்களைக் கொன்று எலிக்கு நீரிழிவு வரவைக்கும் மருந்தான ஸ்ட்ரெப்டோசோடோசினை pH 4.5 உள்ள சிட்ரேட் பஃபரில் (pH மாறாமல் காக்கும் கரைசலில்) கரைத்து, கெட்டுப்போகுமுன் உடனே போட வேண்டும். வழக்கமான அளவு கிலோ எடைக்கு 45 முதல் 65 மில்லிகிராம். கையுறை கட்டாயம், அது விஷம். சாகும் கணைய செல்கள் தேக்கிவைத்த இன்சுலினைக் கொட்டிவிடுவதால் சர்க்கரை திடீரென்று இறங்கும், அதனால் முதல் இரண்டு நாள் 10 சதவீத சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள். 72 மணி நேரம் கழித்து வால்நுனி ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 15 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் நீரிழிவுதான். அப்புறம் ஓயாமல் சிறுநீர் போகும், படுக்கையைத் தினமும் மாற்றுங்கள், ஈரத்தில் நின்ற பாதத்தின் அளவை நம்ப முடியாது.

இனி வான் ஃப்ரே இழைகள், அதாவது குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் நைலான் இழைகள். அந்த அழுத்தம் கிராமில் எழுதியிருக்கும். டர்பன் கோடையில் காற்றே பிழியலாம் போலிருக்கும், அந்த ஈரத்தில் நைலான் இழை தளர்ந்துவிடும். 4 கிராம் என்று எழுதியிருக்கும், தராசில் வைத்து வளையும்வரை அழுத்தினால் குறைவாகக் காட்டும்! தினமும் தராசில் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்குங்கள்.

எலியைக் கம்பிவலைமேல் விட்டு, அது மோப்பம் பிடித்து, முகம் துடைத்து, அடங்கி உட்காரும்வரை காத்திருங்கள், அரைமணி ஆனாலும் சரி. பிறகு கீழிருந்து பின்பாதத்தின் நடுவில் 2 கிராம் இழையை, அது லேசாக வளையும்வரை அழுத்தி சில விநாடி பிடியுங்கள். வெடுக்கென இழுத்தால், நக்கினால், அடுத்தது மெல்லிய இழை, அசையாவிட்டால் தடித்தது. பதில் முதன்முதலாக மாறியபின் இன்னும் நான்கு முறை. 15 கிராமோடு நிறுத்துங்கள், அதற்குமேல் இழையே பாதத்தைத் தூக்கிவிடும். நடப்பதற்காகக் கால் தூக்குவது கணக்கில் சேராது.

வாராவாரம் அதே நேரத்தில், அதே கையால் செய்யுங்கள், எது சர்க்கரை எலி என்பது அளப்பவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் வாசல் அளவு, அதாவது பாதத்தை இழுக்கவைக்கும் அழுத்தம், இறங்கத் தொடங்கும். எடை அனுமதியில் குறித்த எல்லைக்குக் கீழே போனால் அந்த எலியை அளப்பதை அன்றே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.