பெயிண்டரைக் கடைசியில் கூப்பிடுங்கள்: வெளிநாடு கிளம்பும் முன் வீட்டை வாடகைக்குத் தயார் செய்தல்

வீட்டை வாடகைக்கு விடலாம் என்று முடிவானதும் பலர் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. அவர் கடைசியில் வர வேண்டியவர். உள்ளூரில் இருக்கும் வீட்டுக்காரர் குழாய் ஒழுகினால் சாயங்காலம் போய்ப் பார்த்துவிடுவார். துபாயிலோ டொராண்டோவிலோ இருப்பவருக்கு அதே ஒழுகல் என்றால் பத்து வாட்ஸ்அப் வீடியோ, இரண்டு பிளம்பர், கீழ்வீட்டுக்காரர் கோபம் எல்லாம் சேர்ந்தே வரும். அதனால் முதலில் தண்ணீர், அடுத்து கரண்ட், அப்புறம்தான் சுவர். காகித வேலைகள் கூடவே ஓடட்டும். சென்னையில் ஒரு சாதாரண அடுக்குமாடி ஃபிளாட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். டிக்கெட் தேதிக்கு இரண்டரை மாதம் முன்னால் ஆரம்பியுங்கள்.

1. தண்ணீர்

பாத்ரூம் தரையில் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். பாலிதீன் பையில் ஈரமணல் நிரப்பிக் கட்டி, தரை ஜாலி மேல் அழுத்தி வையுங்கள். வாசல் தடுப்பைத் தாண்டாத அளவுக்கு ஓரிரு அங்குலம் தண்ணீர் விட்டு, டைல்ஸில் பென்சிலால் மட்டம் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டு சீலிங்கைப் போய்ப் பாருங்கள் (முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்). அங்கே ஈரம் படர்ந்தால் டைல்ஸ் இடுக்கோ தரையின் வாட்டர்ப்ரூஃபிங்கோ போயிருக்கிறது. தரை பல நாள் காய்ந்தே கிடந்தும் ஈரம் வளர்ந்தால், சுவருக்குள் ஓடும் பைப்பைச் சந்தேகியுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல் டைல்ஸை உடைத்தால் பணம் வீண்.

ஃபிளஷ் டேங்கில் பத்துச் சொட்டு நீலம் விடுங்கள், துணிக்குப் போடுகிற சொட்டுநீலமே போதும். அரைமணி நேரம் ஃபிளஷ் பண்ணாதீர்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது. சின்னச் சாமான்தான், ஆனால் மாற்றாமல் விட்டால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் போகும். லாரித் தண்ணீர் வாங்கும் கோடையில் இது அசோசியேஷன் சண்டையில் முடியும்.

வாஷ்பேசின், கீசர், ஃபிளஷ் டேங்க் எல்லாவற்றின் ஆங்கிள் காக்கையும் (சுவரில் இணைப்புக் குழாய் தொடங்கும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் சின்னத் திருகு) முழுக்க மூடித் திறந்து பாருங்கள். போர்த் தண்ணீர் உப்பில் இவை இறுகிவிடும். குழாய் உடைந்த அன்று ஆங்கிள் காக் மூடாவிட்டால் மொட்டைமாடியில் உள்ள வால்வைத்தான் மூட வேண்டும். அங்கே நான்கைந்து வால்வுகள் வரிசையாக இருக்கும், எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. உங்களுடையதைக் கண்டுபிடித்துப் பெயிண்டில் ஃபிளாட் எண்ணை எழுதிவிடுங்கள்.

2. கரண்ட்

மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி.யின் (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும், ஆகவில்லை என்றால் மாற்றுங்கள். வீட்டுக்கு 30 மில்லிஆம்ப் கசிவில் அணைவதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்து எல்லாப் பிளக்கையும் கழற்றி, எல்லா ஸ்விட்சையும் அணைத்து, மெயினை மட்டும் போட்டுவைத்து ஈ.பி. மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்போதும் மினுக்கிக்கொண்டிருந்தால் எங்கோ கரண்ட் போகிறது. எம்.சி.பி.க்களை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி ஸ்விட்ச்) ஒவ்வொன்றாக அணைத்தால் எந்த லைன் என்று பிடிபடும்.

கீசர், ஏ.சி. ஓடும் 16 ஆம்ப் பாயிண்ட்களை எலக்ட்ரீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கருகிய தடம் இருந்தால் பெரும்பாலும் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியை விற்றுவிடுவதே மேல், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வாடகைதாரருக்கு நினைவிருக்காது.

3. பட்டி, பெயிண்ட்

ஒழுகலை அடைத்த மறுநாளே ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்தால் சில மாதத்தில் உப்பு பூத்து உரிந்துவரும். சுரண்டிவிட்டு மூன்று நான்கு வாரம் காயவிடுங்கள். ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி சுவரில் விடுங்கள். காலையில் உள்ளே நீர்த்துளி தெரிந்தால் இன்னும் காயவில்லை. இரண்டரை மாதம் கேட்டது இதற்காகத்தான். எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம் அடித்து, ஷேட் எண்ணை லாஃப்ட் கதவின் உட்புறம் எழுதிவையுங்கள்.

சாமானை ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. கரையான் வந்தாலும் சுவர் நனைந்தாலும் தெரியவே தெரியாது. தவிர்க்க முடியாதென்றால் பாத்ரூம் இல்லாத அறையாகப் பாருங்கள். சாமானைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்து, ஒரு சாவியை இங்கே உங்கள் சார்பில் வீட்டைக் கவனிக்கும் ஆளிடம் கொடுங்கள்.

4. பவர் பத்திரம், வங்கி, வரி

உங்கள் சார்பில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். கிளம்புமுன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் பத்திரம் (அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) பதிந்துவிடுங்கள். வாடகை வசூல், ஒப்பந்தம், நோட்டீஸ், ஈ.பி., அசோசியேஷன் வேலைகள் மட்டும் அதில் இருக்கட்டும், விற்கும் அதிகாரம் வேண்டாம். போனபின் செய்வதென்றால் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, இங்கே வந்துசேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 5,000 ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே ரிப்பேர் செய்யலாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அமெரிக்காவில் நள்ளிரவாக இருக்கும்போது இங்கே குழாய் உடையும்.

சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவர் தன் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு) மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக்கொடுங்கள். வாடகை அதில்தான் விழ வேண்டும். வரிக் கணக்கில் நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும், வாடகைதாரர் வாடகையில் 31.2 சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது முன்கூட்டிய வரிப் பிடித்தமாக, பிடித்துக் கட்ட வேண்டும். 25,000 ரூபாய் வாடகை என்றால் 7,800 வரிக்கு, 17,200 உங்களுக்கு. மாதம் 50,000 தாண்டினால்தான் பிடித்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்நாட்டு வீட்டுக்காரருக்கான விதி. இதற்காக வாடகைதாரர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) வாங்க வேண்டியிருக்கும். முன்பணம் வாங்குமுன்பே இதைச் சொல்லிவிடுங்கள், பாதிப் பேர் இங்கேதான் பின்வாங்குவார்கள். கூடுதலாகப் பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம்.

இந்திய சிம்மை உயிரோடு வையுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் போய்விடக்கூடும். வங்கி, ஈ.பி., ஆதார் எல்லா ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வருகிறது.

5. ஒப்பந்தம்

11 மாதம் போட்டால் பதிவு வேண்டாம் என்பது பழைய கதை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வீடு இருவர் பெயரில் என்றால் இருவரும் கையெழுத்திடுங்கள். எந்த ரிப்பேர் யார் செலவு, காலி செய்யும்போது பெயிண்டுக்கு முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது, வாடகை எந்தக் கணக்கு என்பதையெல்லாம் தனித்தனி வரியாக எழுதுங்கள். வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள்.

6. சாவி கொடுக்கும் நாள்

கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரிலான சிலிண்டரை அப்படியே விட்டுப்போகாதீர்கள். ஈ.பி. மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு படமெடுங்கள். வாடகைதாரரோடு ஒவ்வோர் அறையாக நடந்து, குழாயைத் திறந்து மூடி, ஃபேனைப் போட்டு, அலமாரிக் கதவைத் திறந்து ஒரே வீடியோவாக எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சாவிகளை எண்ணிக் கொடுத்து, எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு செட் உங்கள் ஆளிடம் இருக்கட்டும்.