ரன் வராத அணி: ரசிகர்கள் கணக்குத் தவறும் இடங்கள்

2010-ஆம் ஆண்டு சியாட்டில் மரைனர்ஸ் அணி 162 ஆட்டங்களில் வெறும் 513 ரன்கள் எடுத்து, 101 ஆட்டங்களில் தோற்றது. அந்தப் பேஸ்பால் பருவத்தை நினைத்தால் அதன் ரசிகர்களுக்கு வயிறு எரிவது நியாயமே. ஆனால் எரிச்சலில் அடுக்கும் காரணங்கள் பலவும் பிழையானவை.

பலர் ஏமாந்தது முந்தைய ஆண்டிலேயே. 2009-இல் அணி 85 ஆட்டங்களில் வென்றதைப் பார்த்தவர்கள், அது எடுத்த ரன்கள் 640 என்பதையும் கொடுத்தவை 692 என்பதையும் பார்க்கவில்லை. ஒரே ரன் வித்தியாசத்தில் பல ஆட்டங்கள் கைகொடுத்த ஆண்டு அது. அந்த அதிர்ஷ்டம் மறுபருவமும் வரும் என்று நம்பியது பெருந்தவறு.

பேட்டிங் சராசரியை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. கிரிக்கெட் சராசரிபோல இது ரன் கணக்கன்று. அந்த ஆண்டு அணியின் சராசரி 0.236 என்றால், ஆயிரம் அடிவாய்ப்புகளில் 236 ஹிட்கள், அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி, களத்தின் நான்கு பேஸ்களில் ஒன்றைப் பத்திரமாக அடைந்த தடவைகள். நான்கு தவறான பந்துகளால், அடிக்காமலே முதல் பேஸைத் தரும் ‘வாக்’ இதில் சேராது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பதோ 27 அவுட்டுகள். ஆகவே எத்தனை முறை அவுட்டாகாமல் பேஸை அடைந்தனர் என்பதே முக்கியம். மரைனர்ஸ் வீரர்கள் அடைந்தது நூற்றுக்கு முப்பது முறைகூட இல்லை.

நட்சத்திர வீரரைக் குறைகூறுவது எனக்குப் பொறுக்காது. மட்டையைச் செங்குத்தாக நீட்டி, தோள்பக்கச் சட்டையை இழுத்துவிட்டு நிற்கும் இச்சிரோ அந்த ஆண்டு 214 ஹிட்கள் அடித்தார். ஆனால் நான்கு பேஸ்களையும் சுற்றி ஓடி எடுத்த ரன்கள் 74 மட்டுமே. அவர் முதல் பேஸில் காத்திருக்க, பின்னால் வந்தவர்கள் வரிசையாக அவுட்டானார்கள்.

பேட்டிங் வரிசையை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பதும் மிகை. ஆகஸ்டில், வரிசையை முடிவுசெய்யும் மேலாளர் டான் வகமட்சுவே நீக்கப்பட்டார். ஆனால் மட்டை பிடித்தவர்கள் பெரும்பாலும் பழையவர்களே. மைதானம் பந்துவீச்சுக்குச் சாதகமானது என்பது உண்மைதான், ஆனால் எதிரணியும் அங்கேதான் ஆடியது.

பந்தெறியும் பிட்சரை, அவர் பெயரில் எழுதப்படும் வெற்றி தோல்விக் கணக்கால் எடைபோடுவது எல்லாவற்றிலும் மோசம். ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் அந்த ஆண்டு சக வீரர்களின் பிழையால் வந்த ரன்களை நீக்கினால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.27 ரன்களே விட்டுக்கொடுத்தும், அவர் கணக்கில் 13 வெற்றிகளோடு 12 தோல்விகளும் ஏறின. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு வாக்களித்தவர்கள் அந்தப் பன்னிரண்டைப் பொருட்படுத்தவில்லை. விருதை அவருக்கே கொடுத்தார்கள்.