எலெக்ட்ரிக் ஷேவரை ரேசர் மாதிரி பிடித்தால் முகம்தான் எரியும்

எலெக்ட்ரிக் ஷேவரில் பிளேடு நேரடியாகத் தோலில் படுவதில்லை. நடுவே மெல்லிய உலோகச் சல்லடை ஒன்று இருக்கிறது. அதன் ஓட்டைக்குள் நுழையும் முடியை உள்ளே ஓடும் பிளேடு கத்தரிக்கிறது. ரேசர் போல வெட்டுக்காயம் படாததற்குக் காரணம் இந்தச் சல்லடைதான். ரேசர் அளவுக்கு வழவழப்பு வராததற்கும் அதுவே காரணம். சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்தக் குறையே நன்மை. முடி தோலுக்குக் கீழே வரை வெட்டுப்படாததால், உள்நோக்கி வளைந்து முளைத்துக் கழுத்தில் பருப்பருவாகக் கிளம்புவது குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரேசரைவிட இதுவே பாதுகாப்பு.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. ட்ரிம்மரை வாங்கி வந்து, 'ஷேவே ஆகவில்லை' என்று குறைப்படுகிறவர்கள் நிறைய. ட்ரிம்மரின் வேலை தாடியைக் குறைப்பது; சீப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் அரை மில்லிமீட்டர் போலச் சொரசொரப்பு நிற்கும். மழமழவென்று வேண்டுமானால் ஷேவர்தான் வாங்க வேண்டும்.

ஷேவரிலும் இரண்டு வகை. நீள்சதுரத் தலையும் சல்லடைத் தகடும் உள்ளது ஃபாயில். வட்டத் தலைகள், பெரும்பாலும் மூன்று, உள்ளது ரோட்டரி; பிலிப்ஸ் 1939இல் ஒற்றைத் தலையோடு தொடங்கிய வகை. ஃபாயிலை முடி வளரும் திசைக்கு எதிராக நேர்கோட்டில் இழுக்க வேண்டும். ரோட்டரியைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஒரே இடத்தில் பத்து முறை ஓட்டியும் நாலு முடி நின்றுகொண்டே இருக்கும். தினமும் மழிக்கிறவருக்கு ஃபாயில் பொருந்தும். கழுத்தில் முடி பல திசையில் சுழன்று வளர்கிறவருக்கு ரோட்டரி கொஞ்சம் சுலபம்.

மூன்று நாள் தாடியில் ஷேவரை வைப்பது அடுத்த தவறு. நீண்ட முடி படுத்துக்கொள்ளும், ஓட்டைக்குள் நுழையாது. நுழைந்தாலும் வெட்டுப்படுவதற்கு முன் இழுபடும். கண்ணில் தண்ணீர் வருவது அதனால்தான். முதலில் ட்ரிம்மரால் ஒட்டக் குறைத்துவிட்டு, பிறகு ஷேவரை எடுங்கள்.

எரிச்சலுக்கு முக்கியக் காரணம் அழுத்துவது. சரியாக வெட்டவில்லை என்று தோன்றியதும் கை தானாக அழுத்தும். அழுத்தினால் ஓட்டைகள் வழியாகத் தோல் உள்ளே பிதுங்கும். பிளேடு முடியோடு தோலின் மேற்பரப்பையும் சீவிக்கொண்டு போகும். ஷேவரின் தலையும் சூடாகும். ஷேவரைத் தோலில் லேசாகத் தொடவிட்டு, மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். தாடைக்குக் கீழே இது கட்டாயம்.

ஈரத்தில்தான் ரேசர் பழக்கம் மோசம் செய்கிறது. ரேசருக்கு முடி ஊறி மென்மையாக வேண்டும். உலர் ஷேவருக்கு முடி விறைத்து நிற்க வேண்டும். அதனால் குளிப்பதற்கு முன்பே மழித்துவிடுவது நல்லது. குளித்துவிட்டீர்கள் என்றால் கால் மணி நேரம் பொறுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வையே போதும், ஷேவர் தோலில் ஒட்டி ஒட்டி நிற்கும். முகத்தைத் துடைத்துவிட்டு டால்கம் பவுடரை மிக லேசாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். ஈரத்திலும் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்ட மாடல் என்றால் ஜெல், நுரை போட்டே மழிக்கலாம். அரைகுறை ஈரம் மட்டும் ஆகாது.

பலர் ஷேவரை ஒரு வாரம் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். தோல் பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும். நடுவில் ரேசரையும் மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் நாள் இழுக்கும்.

சுத்தம் செய்வதில் கவனக்குறைவு இருந்தால் நல்ல ஷேவரும் ஒரே வருடத்தில் கெடும். ஃபாயில் காகிதத்தைவிட மெல்லியது. அதன்மேல் பிரஷ் படக்கூடாது. பிரஷ் உள்ளே ஓடும் பிளேடான கட்டருக்கு மட்டும். கழுவக்கூடிய மாடலாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுத் திரவ சோப்பு விட்டுச் சில நொடிகள் ஓடவிட்டு அலசி, தலையைத் திறந்து உலரவிடுங்கள். சோப்பு எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும் என்பதால் உலர்ந்தபின் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். கையில் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். நாளடைவில் பிசுக்காகி முடித்தூளைப் பிடித்துக்கொள்ளும். ரோட்டரியைக் கழற்றும்போது எந்தக் கட்டர் எந்த மூடியில் இருந்ததோ அதிலேயே திரும்ப வையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தியவை. மாறிப்போனால் வெட்டு மந்தமாகும்.

ஃபாயிலையும் கட்டரையும் 18 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது பிரவுன் நிறுவனம். பிலிப்ஸ் தன் தலைகளுக்குச் சொல்வது 2 வருடம். ஃபாயிலில் சின்னக் கிழிசல் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், அது தோலைக் கிழிக்கும். மாற்றுத் தலையின் விலையை ஷேவர் வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். விலை மலிவான பல மாடல்களுக்கு உதிரித் தலையே கிடைக்காது.

ஷேவரால் காயம் வராது என்று நம்பி வீட்டில் இரண்டு பேர் ஒன்றையே பயன்படுத்துவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழத்தான் செய்யும். ஹெபடைடிஸ் பி பரவ அது போதும்.

கடைசியாக, சார்ஜ். நீரில் பயன்படுத்தும் பல மாடல்கள் வயர் செருகியிருக்கும்போது ஓடாது. அது பழுதல்ல, ஷாக் அடிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஆகவே 5 நிமிடம் சார்ஜ் போட்டால் ஒருமுறை மழிக்கலாம் என்ற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு கன்னத்துத் தாடியோடு நிற்க வேண்டியதுதான்.