விளைநிலத்தில் வண்ணத்துப்பூச்சி எண்ணுவது எப்படி? கொள்கைக்கு உதவும் கணக்கெடுப்பு, தொடக்கத்திலிருந்து

வரப்பில் பூச்செடி வளர்த்தால் மானியம், நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாக விட்டால் மானியம் எனப் பல நாடுகளில் திட்டங்கள் உண்டு. எவ்வளவு பணம் போனது என்பதற்குக் கணக்கு இருக்கும். அதனால் பூச்சியும் பறவையும் கூடினவா என்று கேட்டால்தான் பேச்சு மழுப்பலாகிவிடும். அந்தக் கணக்கை எடுக்கும் முறையைப் பார்ப்போம். இதற்குப் பூச்சியியல் பட்டம் தேவையில்லை. ஒரே வேலையை ஒரே மாதிரி, ஆண்டுக்கணக்கில் செய்யும் பொறுமை வேண்டும்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"இங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன?" என்று தொடங்கினால் கடைசியில் ஒரு பட்டியல்தான் மிஞ்சும். "பூ வரப்பு வைத்த வயல்களில், வைக்காத வயல்களைவிட, ஐந்து ஆண்டுகளில் வண்ணத்துப்பூச்சிகள் கூடினவா?" என்று கேளுங்கள். எந்த உயிர், எங்கே, எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் என்ற நான்கும் அதில் வந்துவிடுகின்றன. இதை எழுதாமல் களத்தில் இறங்க வேண்டாம்.

படி 2: எதை எண்ணுவது?

ஒவ்வோர் உயிரும் ஒவ்வொன்றைச் சொல்லும். மண்புழு, உழவும் மண்ணும் எப்படி இருக்கின்றன என்று காட்டும், 20 செ.மீ. நீள, அகல, ஆழத்துக்கு மண்ணை வெட்டியெடுத்து எண்ணலாம். பறவைகள் பல வயல்களைத் தாண்டி இரை தேடுபவை. ஆகவே ஒரு வரப்பின் விளைவை அவற்றில் தேடாதீர்கள். பெரிய நிலப்பரப்பின் போக்கை அறிய அவைதான் பொருத்தம். ஐரோப்பாவின் விளைநிலப் பறவைக் குறியீடு (அப்பறவைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று காட்டும் எண்) 1990-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்திருப்பது அங்கே வேளாண் கொள்கை விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சான்று. 2024-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை மீட்புச் சட்டம், புல்வெளி வண்ணத்துப்பூச்சிக் குறியீட்டையும் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தது.

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை வண்ணத்துப்பூச்சிதான். கண்ணுக்குத் தெரியும், பொறி வைத்துக் கொல்ல வேண்டியதில்லை, வாழிடம் மாறினால் விரைவில் காட்டிக்கொடுக்கும்.

படி 3: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான கணக்கெடுப்புகள் சறுக்குவது இங்கேதான், அதுவும் முதல் நாளிலேயே. பூச்சி நிறைய இருக்கும் இடத்துக்கே கால் போகும். அப்படிப் போனால் எண்ணுவது உங்கள் விருப்பத்தைத்தான். வரைபடத்தில் கட்டம் போட்டு, குலுக்கல் முறையில் இடங்களை எடுங்கள். திட்டத்தில் சேர்ந்த வயல் ஒன்றுக்கு, மண்ணும் பயிரும் ஒத்த, சேராத வயல் ஒன்றை இணையாக வையுங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இரண்டிலும் பூச்சி கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் திட்டத்தின் பங்கு தெரியும்.

இன்னொரு சிக்கல்: ஏற்கெனவே இயற்கைமேல் அக்கறை உள்ள விவசாயிகளே இத்தகைய திட்டங்களில் முதலில் சேர்வார்கள். அவர்கள் வயலில் பூச்சி முன்பே அதிகமாக இருக்கலாம். எனவே திட்டம் தொடங்கும் முன்பே, முடிந்தால் ஒரு பருவம் முழுக்க, இரண்டு வகை வயல்களிலும் எண்ணிவிடுங்கள். இந்தத் தொடக்கக் கணக்கைப் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

படி 4: நடந்து எண்ணுங்கள்

பிரிட்டனில் 1976 முதல் பின்பற்றப்படும் முறை இது. ஒரு நிலையான பாதையில் ஒரே சீரான வேகத்தில் நடங்கள். இடப்பக்கம் 2.5 மீட்டர், வலப்பக்கம் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர்: இந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். பின்னால் பறப்பதைத் திரும்பிப் பார்த்துச் சேர்க்கக் கூடாது. மழையிலும் பலத்த காற்றிலும் நடக்க வேண்டாம். பிரிட்டனில் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எண்ணுவதில்லை. வெப்ப நாடுகளில் தலைகீழாக, கொளுத்தும் உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டியிருக்கும். எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் கடைசிவரை மாற்றாதீர்கள். பருவம் முழுக்க வாரம் ஒருமுறை நடப்பது நல்லது.

படி 5: பதிவு

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகம், காற்று, பயிர், எண்ணியவர் பெயர். ஒன்றுமே தென்படாத நாளில் 0 என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பின்னால் பார்ப்பவர், நீங்கள் போகவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். இனம் சந்தேகமானால் ஊகித்து எழுதாமல், அந்தப் பூச்சி சேர்ந்த உயிரியல் குடும்பத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, படம் எடுத்து வையுங்கள்.

படி 6: கொள்கை வகுப்போரிடம் கொண்டுபோவது

முதல் ஆண்டை 100 என்று வைத்து, அடுத்த ஆண்டுகளை அதன் விகிதமாகக் காட்டுங்கள். இரண்டு வகை வயல்களுக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள். ஒவ்வொரு புள்ளியோடும் பிழை வரம்பையும், அதாவது உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும், போடுங்கள். அதை மறைத்த வரைபடம் முதல் எதிர்க்கேள்வியிலேயே விழும். இரண்டு ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு "திட்டம் வென்றது" என்று எழுத வேண்டாம். வண்ணத்துப்பூச்சி எண்ணிக்கை வானிலையால் மட்டுமே தாறுமாறாக ஏறி இறங்கும்.

அயர்லாந்தின் பரன் பகுதியில் மேய்ச்சல் நிலத்தின் தரத்துக்கு 10 வரை மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். உங்கள் எண்களும் அப்படி ஒருவரின் வருமானத்தைத் தொடலாம். அதனால் வயலின் துல்லியமான இருப்பிடத்தை வெளியிடும் முன் உரிமையாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். அறிக்கை அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பு அவர் கைக்குப் போகட்டும். எந்த மாதம் மருந்து அடித்தார், எப்போது புல் வெட்டினார் என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.