நாரா, இழையா, நூலா: சரியான சொல்லைத் தேர்வது எப்படி?

செடிகொடிகளில் நூல்போல் மெலிந்திருக்கும் உறுப்பைப் பற்றி எழுதும்போது, அது எங்கிருந்து வருகிறது, என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மட்டையிலிருந்தோ பட்டையிலிருந்தோ உரித்தெடுப்பது நார். தேங்காய் நாரை இலங்கையில் தும்பு என்பார்கள். பாகலும் பீர்க்கும் பந்தலைப் பிடித்து ஏறப் பயன்படுத்தும் சுருள் பற்றுக்கம்பி; நெல்லின் அடியில் கொத்தாகக் கிளைப்பது சல்லிவேர்; பூஞ்சையின் உடலாகப் பரவுவது பூஞ்சையிழை. திரித்தெடுத்ததற்கே நூல் என்ற சொல்லை ஒதுக்குவது நல்லது என்றாலும், தாமரைத் தண்டை ஒடித்து இழுக்கும்போது நீளும் மெல்லிழையைத் தாமரை நூல் என்றே வழங்குகிறோம். அந்த அழகான விதிவிலக்கைத் திருத்த வேண்டாம்.

பூவில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். மகரந்தப் பையைத் தாங்குவது மகரந்தக் கம்பி. ஆனால் கடையில் வாங்கும் குங்குமப்பூ இழை மகரந்தக் கம்பியன்று. ஒரு பூவுக்கு மூன்றாக அமைந்த சிவந்த சூலகமுடி அது; அதாவது, மகரந்தத்தை ஏற்கும் பெண்ணுறுப்பின் நுனி. மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பட்டிழைகளும் பெண்பூவின் உறுப்புகளே. ஒவ்வோர் இழையும் கதிரிலுள்ள ஒரு சூலகத்திலிருந்து நீண்டு வருவதால், மகரந்தம் சேராத இழைக்குரிய இடத்தில் மணி பிடிப்பதில்லை.