வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் பதில் தரவில்லையா? மேனேஜர்கள் சறுக்கும் இடங்கள்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் டீம் ஆள் ஒருவருக்குக் காலை 11:05-க்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: "அந்த ரிப்போர்ட் எந்த அளவில் இருக்கு?" பதில் இல்லை. 11:20-க்கு வெறும் கேள்விக்குறி ஒன்று. 11:40-க்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. 12:10-க்கு ஒன்பது பேர் இருக்கும் குழுவில் அவர் பெயரை டேக் செய்து, "இவரை யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டேன். 12:25-க்கு பதில் வந்தது. இன்னொரு மேனேஜர் அவசரம் என்று பதினொரு மணிக்கு அவரை ஒரு கிளையண்ட் காலில் இழுத்துவிட்டிருக்கிறார். அதுவரை அவர்தான் தன் திரையைப் பகிர்ந்து விளக்கிக்கொண்டிருந்தார். நான் அனுப்பிய கேள்விக்குறி கிளையண்டின் கண்முன்னே திரை ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த ஒரு மணி இருபது நிமிடத்துக்குள் ஒரு மேனேஜர் செய்யக்கூடிய தவறுகளில் பாதியைச் செய்து முடித்திருந்தேன். மீதியை அடுத்தடுத்த வருடங்களில் செய்தேன்.

முதல் தவறு எதிர்பார்ப்பை வாய்விட்டுச் சொல்லாதது. "பதிலே வருவதில்லை" என்று சலித்துக்கொள்ளும் மேனேஜரிடம், "எவ்வளவு நேரத்துக்குள் வரணும்னு அவரிடம் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். அவர் மனதில் பத்து நிமிடம் என்று ஒரு கணக்கு ஓடும். வேலை பார்ப்பவரோ சாயந்திரத்துக்குள் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இருவருமே தங்கள் கணக்கில் சரிதான். ஆகவே முதலில் டீமோடு பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். சாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள், மெயில் என்றால் அன்றைக்குள், நிஜமான அவசரம் என்றால் போன். எல்லோரும் கட்டாயம் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய பொது நேரம் மூன்றோ நான்கோ மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுந்து போவதாக இருந்தால் ஸ்டேட்டஸில் ஒரு வரி. இந்த எண்கள் உங்கள் வேலைக்கு ஏற்ப மாறலாம், ஆனால் எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். "அவசரம்" என்றால் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் நான் அவசரம் என்று அனுப்பியவற்றில் பாதி அவசரமே இல்லை என்று எனக்கே தெரிந்தது.

ஆள் ஆன்லைனில் இருக்கிறார் என்று சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது அடுத்த தவறு. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் ஐந்து நிமிடம் கணினியைத் தொடாவிட்டால் புள்ளி மஞ்சளாகிவிடும். நோட்டில் கணக்குப் போட்டுப் பார்ப்பவர், அச்செடுத்த ஆவணத்தைப் படிப்பவர், போனில் கிளையண்டோடு பேசுபவர் எல்லோருமே மஞ்சள்தான். மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் மவுஸ் ஜிக்லர் என்ற கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தூங்குபவரோ நாள் முழுக்கப் பச்சை. 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதாக எழுந்த புகாரில் ஒரு டஜனுக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டு அனுப்பியது செய்தியானது. நீங்கள் புள்ளியைக் கண்காணித்தால் ஆட்களும் புள்ளியைத்தான் பார்த்துக்கொள்வார்கள், வேலையை அல்ல.

கேமராவை ஆன் பண்ணியே வைக்கச் சொல்வது இதைவிட மோசம். ஓர் அமெரிக்க மென்பொருள் நிறுவனம் நெதர்லாந்தில் இருந்த தன் ஊழியரிடம் அப்படிக் கேட்டது. அவர் மறுத்தார், வேலை போனது. 2022-ல் அந்நாட்டு நீதிமன்றம் நாள் முழுக்கக் கேமரா என்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று சொல்லி, சுமார் 75,000 யூரோ கொடுக்க வைத்தது. எல்லா நாட்டிலும் சட்டம் ஒன்றல்ல என்றாலும், கண்காணிப்பு மென்பொருளைப் போடுவதற்கு முன் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சரி, புள்ளியை விட்டால் எதைப் பார்ப்பது? பதில் வராததால் எந்த வேலை நின்றது என்பதைப் பாருங்கள். கொடுத்த வேலை கொடுத்த தேதியில் வந்து, யாரும் அவருக்காகக் காத்துக் கிடக்கவில்லை என்றால், பிரச்சினை அவரிடம் இல்லை. அது உங்கள் பதற்றம். ஆனால் வாடிக்கையாளர் சேவையிலோ, கூப்பிட்டால் உடனே வர வேண்டிய ஆன்-கால் பணியிலோ இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே பதில் சொல்வதுதான் வேலையே.

நான் அதிகம் தடுமாறியது காரணத்தை ஊகிப்பதில். "ஆள் வேறு எங்கோ இன்னொரு வேலை பார்க்கிறார்" என்பதுதான் மனதில் முதலில் வந்து நிற்கும். நடப்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, குறிப்பாகப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. வேலை எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம். ஆபீஸில் என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்த்தே, "என்னப்பா, மாட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிடுவார். வீட்டில் யார் கேட்பது? "முடிஞ்சிருச்சா?" என்ற மெசேஜ் வருகிறது, முடியவில்லை. இன்னும் அரை மணியில் முடித்துவிட்டுப் பதில் போடலாம் என்று நினைக்கிறார். அரை மணி மூன்று மணியாகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, இரண்டு வாரம் குறித்து வைப்பது. தேதி, நேரம், எதன் வழியாகக் கேட்டோம், எதைப் பற்றிக் கேட்டோம், எப்போது பதில் வந்தது, இடையில் என்ன நின்றது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் உடனே பதில் போடுபவர், "எவ்வளவு முடிந்தது" என்பதற்கு மட்டும் காணாமல் போகிறார் என்றால் வேலை மாட்டியிருக்கிறது. தினமும் மூன்றிலிருந்து நான்கரை வரை மட்டும் ஆள் இல்லை என்றால், குழந்தையை அழைத்து வருவதோ பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதோ இருக்கலாம், நேரத்தை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. எதற்கும் எப்போதும் பதில் இல்லை, வேலையும் வருவதில்லை என்றால்தான் கதை வேறு. அப்புறம் இந்தக் குறிப்பு எழுதும்போது உங்கள் பக்கத்தையும் பாருங்கள். வெறும் "ஹாய்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருந்ததை எல்லாம் தாமதம் என்று எழுத முடியாது. கேள்வி, எதற்காக, எத்தனை மணிக்குள் வேண்டும், மூன்றும் முதல் மெசேஜிலேயே இருந்தால் பாதிப் பேரிடமிருந்து தானாகப் பதில் வரும்.

எப்போதும் ஒழுங்காக இருப்பவர் திடீரென ஒரு நாள் முழுக்கக் காணோம் என்றால் அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அவர் தனியாக வசிப்பவராகவும் இருக்கலாம். போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் எச்.ஆரிடம் சொல்லி, அவர் கொடுத்து வைத்திருக்கும் அவசரத் தொடர்பு எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். எச்சரிக்கை மெயில் அனுப்பும் நேரம் அதுவல்ல.

பேச வேண்டிய இடம் குழு அல்ல. ஒன்பது பேர் முன்னால் டேக் செய்த நான் அதே ஒன்பது பேர் முன்னால்தான் மன்னிப்பும் கேட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு பல வாரம் அவர் எதற்கெடுத்தாலும் அரை நிமிடத்தில் பதில் போட்டார். எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிறார் என்று தெரிந்தது.

தனியாகப் பேசும்போதும் "நீங்க எப்பவுமே கிடைக்கறதில்லை" என்று ஆரம்பித்தால், எப்போதெல்லாம் கிடைத்தார் என்று அவர் கணக்குச் சொல்ல ஆரம்பிப்பார். அதற்குப் பதிலாக: "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு ஃபைல் கேட்டேன், அஞ்சரை வரை வரலை. டெஸ்டிங் டீம் அன்னைக்கு மதியம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. என்ன ஆச்சு?" இதைக் கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து விநாடி மௌனம் தாங்காமல், "நெட் பிரச்சினையா?" என்று நாமே காரணம் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவரும் "ஆமாம், நெட்தான்" என்று முடித்துவிடுவார்.

ஒருவருக்காக டீம் முழுவதற்கும் தினம் மூன்று செக்-இன் கொண்டுவருவது பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒழுங்காக இருப்பவர்கள் எரிச்சலாவார்கள், அவர் அதிலும் வர மாட்டார்.

கடைசியாக, தள்ளிப் போடுவது. பேசச் சங்கடப்பட்டு மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென எச்.ஆரிடம் போய் நிற்கும் மேனேஜர்கள் உண்டு. அந்த மூன்று மாதமும் பதில் தராதவருடைய வேலையை இழுத்துப் போட்டுச் செய்தவர்கள் யார் என்பதைக் கவனித்தால் இன்னும் சங்கடமாக இருக்கும். இரண்டு வாரக் குறிப்பு கையில் இருந்தால் மூன்றாவது வாரமே பேசிவிடுங்கள். பேசி முடித்த அன்றே என்ன ஒப்புக்கொண்டீர்கள், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பீர்கள் என்று நான்கு வரி மெயில் போடுங்கள். அந்தத் தேதியில் எதுவும் மாறவில்லை என்றால் எச்.ஆரிடம் போகலாம். அங்கே கேட்கும் முதல் கேள்வி, "அவரிடம் இதை எப்போது சொன்னீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அந்த மெயிலைத் திறந்து காட்டினால் போதும்.